நாய்ப் பயிற்சித் தொழில்: தோட்டத்துக் கொட்டகையா, சொந்த வீடா, வீடு தேடிச் செல்வதா?

திருநெல்வேலி வட்டாரத்தில் நாய்ப் பயிற்சியைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களில் பலர் நாயைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முன்னீர்பள்ளம் பக்கமோ கங்கைகொண்டான் பக்கமோ கிணறும் வேப்பமர நிழலும் உள்ள தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து, எட்டுக் கூண்டுகள் கட்டி, நாய்களை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்துப் பழக்கி அனுப்பலாம் என்பது வழக்கமான திட்டம். இதற்கு மாற்றாக, கூண்டே கட்டாமல் வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்று பயிற்சி தருவது ஒரு வழி. தன் வீட்டிலேயே ஒரு நேரத்தில் இரண்டு நாய்களுக்கு மேற்படாமல் தங்கவைத்துக்கொள்வது இன்னொரு வழி. காலையில் விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் பகல்நேரப் பயிற்சி பெருநகரங்களில் நடக்கிறது. இங்கே ஆண்டில் பாதி நாள்களுக்குப் பயிற்சிக்கு ஏற்ற நேரம் விடியலும் அந்தியும்தான் என்பதால், அது வெயில் நேரத்தில் நாயைக் காவல் காப்பதாகவே முடியும். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மூன்று வழிகளையும் முதலீட்டிலிருந்து அளக்கத் தொடங்குவதைக் காட்டிலும், வாடிக்கையாளர் எதற்காகப் பணம் தருகிறார் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பயிற்சியாளர் சொன்னால் உட்காரும் நாய் அவருக்குத் தேவையில்லை. தன் வீட்டில், தன் வீட்டார் சொன்னால் கேட்கும் நாய்தான் தேவை. நம் ஊரில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு. பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் போன்ற பகுதிகளில், பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் ஏராளம். துணைக்கு இருக்கட்டும் என்று மகன் வாங்கிக் கொடுத்த லேப்ரடார் குட்டி இரண்டு வயதில் முப்பது கிலோவுக்கு வளர்ந்து நிற்கும். பயிற்சிக்காகத் தொலைபேசியில் பேசுவதும் கட்டணம் அனுப்புவதும் மகன்; நாயின் பெல்ட்டைக் கையில் பிடிக்கப் போவது ஆச்சி.

அப்படிப்பட்ட வீட்டில் விடிகாலையில் நடப்பதைக் கவனித்தால் தொழிலின் மையச் சிக்கல் புரியும். பால்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நாய் எழுந்துவிடுகிறது. இரும்புக் கேட்டின் கொண்டி தட்டும் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் பாய்கிறது; ஆச்சி தூக்குவாளியோடு படியிறங்குவதற்குள் முன்னங்கால்கள் இரண்டும் அவர் தோளில் இருக்கின்றன. ஒரு மாதம் தோட்டத்தில் தங்கித் திரும்பிய நாய் பயிற்சியாளரின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கொண்டிச் சத்தமோ, அந்தப் படிகளோ, ஆச்சியின் குரலோ அது தோட்டத்தில் கற்ற பாடத்தில் இல்லை. நாய் எதைக் கற்றாலும் கற்ற இடத்தோடும் கற்பித்த ஆளோடும் பிணைத்தே கற்கிறது. ஒரு களத்தில் படிந்த பழக்கத்தை இன்னொரு களத்துக்குத் தானாகக் கொண்டுசெல்வது அதற்குக் கடினம். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆள்களோடு, முதலிலிருந்து சற்று விரைவாக மீண்டும் சொல்லிக் கொடுத்தால்தான் பழக்கம் நிலைக்கும். ஆகவே தங்கவைத்துப் பயிற்சி தருபவர் விற்கும் பொருளில் பாதி, நாய் வீடு திரும்பிய பிறகே உருவாகிறது. எந்த வழி அந்தப் பாதியை ஒழுங்காகச் செய்ய இடம் கொடுக்கிறது என்பதே என் அளவுகோல்.

அந்த அளவுகோலில் வீடு தேடிச் செல்லும் முறை முதலிடம் பெறும். கொண்டி, படி, ஆச்சி எல்லாம் அங்கேயே இருப்பதால் நாயைக் காட்டிலும் மனிதர்களுக்கே அதிகம் கற்றுக்கொடுக்க முடிகிறது. மூன்று மாதம், நான்கு மாதக் குட்டிகளுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டி புதிய மனிதர்களையும் ஒலிகளையும் அஞ்சாமல் ஏற்கப் பழகும் காலம். அந்த நாள்களில் ஒரு பகுதியை அது கூண்டில் கழிப்பதால் வரும் இழப்பைப் பிறகு ஈடுசெய்வது எளிதல்ல. முதலீடும் சொற்பம்: இரு சக்கர வாகனம், நீளமான வார் ஒன்று, இடுப்பில் கட்டும் தின்பண்டப் பை.

குறைகளும் உண்டு. வீட்டார் இடைப்பட்ட நாள்களில் பயிற்சியைத் தொடராவிட்டால் ஒவ்வொரு வாரமும் முதல் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய தடை நேரம். சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்கு மேல் சிமெண்ட் தரையும் தார்ச் சாலையும் நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். எல்லா வாடிக்கையாளரும் ஒரே ஆறு மணியையும் ஒரே ஐந்தரை மணியையும் கேட்பார்கள். நகரத்துக்குள்ளேயே சுற்றினால் ஒரு நாளைக்கு மூன்று வீடு, மிஞ்சிப்போனால் நான்கு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ அழைப்பு வந்தால் போக வரவே பாதிப் பொழுது போய்விடும். கட்டணத்தில் பெட்ரோலைச் சேர்த்துக் கேட்டாலும் கழிந்த அந்தியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இனித் தோட்டத்துக் கொட்டகை. வாடிக்கையாளருக்கு இது பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, சபரிமலைப் பயணம், மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போவது என்று நாயை விட்டுச் செல்ல வேண்டிய தேவை இங்கு அடிக்கடி எழுகிறது. விட்டுவிட்டுப் போகும் நாய் பழகியும் வந்தால் இரட்டை லாபம் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் நடத்துபவரின் பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாய்க்கு மாதம் 15,000 ரூபாய் கட்டணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,250 கிலோ கலோரி வேண்டும். உலர் தீவனமாகக் கொடுத்தால் சுமார் 350 கிராம், மாதத்துக்குப் பத்தரைக் கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் தீவனம் மட்டும் 2,625 ரூபாய். குத்தகை 10,000, இரண்டு ஆள் சம்பளம் 30,000, மின்சாரம், மருந்து, துப்புரவுக்கு 8,000 என்று கொண்டால், எட்டுக் கூண்டும் நிறைந்த மாதத்தில் வரவு 1,20,000, செலவு 69,000, மிச்சம் 51,000. நான்கு நாய்தான் வந்தது என்றால் வரவு 60,000, செலவு 58,500. அதாவது பாதி நிறைந்த கொட்டகை, கூண்டு கட்ட வாங்கிய கடனின் வட்டியைக்கூடக் கட்டாது. தொடக்க ஆண்டில் பாதிக்கு மேல் நிறையும் என்று எண்ணுவதற்கு நான் காரணம் எதையும் காணவில்லை.

கூண்டுகள் நிறைந்துவிட்டால் வேறொரு தொல்லை பிடிக்கிறது. பயிற்சி என்று மனசாட்சியோடு சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு நாய்க்கும் நாளொன்றுக்குக் கால்மணி நேர அளவில் நான்கு முறையாவது தனியாக வேலை கொடுக்க வேண்டும். இரண்டு வேளை இருபது இருபது நிமிடம் நடத்திக் கூட்டிவர வேண்டும். நான்கு நாய்க்கே இது ஆறு மணி நாற்பது நிமிடம். கழுவல், தீனி எல்லாம் சேர்த்தால் ஒருவரின் முழு நாள். எட்டு நாய்க்குப் பயிற்சி தெரிந்த இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காத இடத்தில் நடப்பது பயிற்சியல்ல. கூண்டில் அடைத்துச் சோறு போட்டு, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய வாரத்தில் அவசர அவசரமாக நாலு கட்டளைகளைத் திணிப்பதுதான்.

நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கொட்டகைத் திட்டம் போடுபவர்கள் குரைப்புச் சத்தத்துக்கு அஞ்சுவதில் கால்பங்கு அளவுகூட உண்ணிக்கு அஞ்சுவதில்லை. நம் ஊர் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி, முழு வாழ்க்கையையும் நாயின் உடம்பிலேயே கழிப்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரின் விரிசலிலும் ஓட்டின் இடுக்கிலும் ஒளிந்து தோலுரித்து, மறுபடி நாயைத் தேடி ஏறுகிறது. நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி ஒன்றே அந்த விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பயனில்லை. பூசாத கருங்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையும் பார்க்கக் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் உண்ணிக்கு அவையே அரண்மனை. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் காய்ச்சலோடு சோர்ந்து, தீனி மறுத்து, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து வீடு திரும்பினால், அது கற்ற பாடம் எதையும் உரிமையாளர் நினைவில் வைக்கமாட்டார்.

பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் இன்னும் கொடியது. தடுப்பூசி முழுமையாகப் போடாத ஒரு குட்டி கழிந்த இடத்தில் அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலில் இன்னும் அதிகமாகவே, உயிர்ப்போடு கிடக்கும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு ப்ளீச் கரைசல் கொல்லும், ஆனால் கழுவிச் சுத்தம் செய்த கடினமான தரையில் மட்டும். வேப்பமர நிழலில் உள்ள மண் களத்தை அப்படிக் கழுவ வழியில்லை. எனவே கொட்டகை போட்டே தீருவது என்று முடிவெடுத்தவர், வழவழப்பாகப் பூசிய சுவரும் வடிகாலை நோக்கிச் சரிந்த சிமெண்ட் தரையும் படுக்கப் பலகையும் உள்ள கூண்டுகளோடு, புதிதாக வரும் நாயை முதல் பத்து நாள் தனியே வைக்கத் தொலைவில் ஓர் அறையையும் கட்ட வேண்டும். அந்த அறையும் முதலீட்டுக் கணக்கில் ஏறும். கால்நடை மருத்துவ வசதியைப் பொறுத்தவரை நெல்லைக்கு ஒரு நற்பேறு உண்டு: இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கங்கைகொண்டான் பக்கத்துத் தோட்டத்துக்கு இது அனுகூலம். திசையன்விளைப் பக்கத்து விளைக்கு அல்ல.

இடத்தைப் பற்றி மேலும் சில. ஆற்றங்கரையும் குளத்தின் மறுகால் பாயும் வழியும் கோடையில் பசுமையாக இருக்கும், குத்தகையும் சகாயமாகப் பேசலாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஓடியதைக் கண்டவர் யாரும் அங்கே கூண்டுக்குள் நாயைப் பூட்டிவிட்டு இரவில் நிம்மதியாக உறங்க முடியாது. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் கிடைப்பதால் வெயில் நேரத்திலும் பயிற்சி நடத்தலாம், ஆனால் வாடிக்கையாளர் நெருக்கம் அங்கு குறைவு. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடும் காலத்தில், அவிழ்த்துவிட்ட கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ கிடைக்குள் பாய்ந்தால் ஒரே நாளில் தொழில் முடிந்துவிடும். அந்த இனங்கள் பார்வையால் இரையைத் துரத்த உருவானவை. மயில் ஒன்று வரப்பில் ஓடினாலே ‘வா’ என்ற கட்டளை அவற்றின் காதில் விழாது. முயல் வேட்டைக்குப் பழக்கித் தரும்படி கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்புவது தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

கோயில் கொடை விழாவையும் மறக்கக் கூடாது. கிராமத்துக்கு அருகில் தோட்டம் என்றால் ஆண்டில் சில இரவுகள் வேட்டும் மேளமும் ஒலிபெருக்கியும் விடிய விடிய முழங்கும். ஊரார் மீது குறை சொல்ல இதில் எதுவுமில்லை, கொட்டகை வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே கொடை வந்துவிட்டது. ஆனால் அந்த இரவில் எட்டு அந்நிய நாய்களோடு ஆள் யாராவது விழித்திருந்தாக வேண்டும். வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், வேலி தாண்டி நான்குவழிச் சாலைக்கு ஓடும். தீபாவளி சமயத்தில்தான் நாயை விட்டுச் செல்ல அதிகம் பேர் கேட்பார்கள் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று.

மூன்றாவது வழி, சொந்த வீட்டில் இரண்டு நாய். முதலில் சொல்ல வேண்டியது, இது எல்லாருக்கும் பொருந்தாது என்பதே. சுற்றுச்சுவரும் பூட்டக்கூடிய கேட்டும் உள்ள தனிவீடு வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் மனமொப்ப வேண்டும். ஏற்கெனவே வளர்க்கும் நாய் இருந்தால் அது அந்நிய நாயைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். கவிச்சி புழங்காத வீட்டுக்காரர் கோழி வேகவைத்துக் கொடுக்க முடியாது என்றால் உலர் தீவனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அது பெரிய தடையல்ல.

இவை அமைந்தவருக்கு, நாய் வீட்டுக்குள் வாழும் பழக்கத்தை வீட்டுக்குள்ளேயே கற்கிறது என்பது தோட்டம் எந்நாளும் தர முடியாத அனுகூலம். சமையலறை வாசலில் நின்றுவிடுவது, காலிங் பெல் அடித்தால் பாயிலேயே படுத்திருப்பது, குழந்தை சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் இருப்பது ஆகியவை கூண்டுக்கும் களத்துக்கும் இடையில் கற்பிக்கக்கூடியவை அல்ல. வரவு சிறியதுதான். மேலே சொன்ன அதே கட்டணத்தில் இரண்டு நாய்க்கு 30,000. தீவனமும் பிற செலவும் ஏழாயிரத்தைச் சற்றுத் தாண்டும். மிச்சம் ஏறத்தாழ 22,750. இதோடு நாளுக்கு ஒரு வீட்டுப் பாடம் 700 ரூபாய் வீதம் மாதம் இருபத்தைந்து எடுத்து, அவற்றில் எட்டைத் திரும்பிச் சென்ற நாய்களின் தொடர் பாடத்துக்கு இலவசமாக ஒதுக்கினால் இன்னும் 11,900 சேரும். பெட்ரோலுக்கு மூவாயிரம் போனால் கைக்கு 31,650. நிறைந்த கொட்டகையை விடக் குறைவு; பாதி நிறைந்த கொட்டகையை விட எவ்வளவோ மேல். ஒரு மாதம் நாயே வராவிட்டாலும் கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார்.

ஆகவே என் தீர்ப்பு, தொடங்குபவர் வீடு தேடிச் செல்லும் பாடத்தையும் சொந்த வீட்டில் இரண்டு நாய் என்ற அளவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தங்கும் பயிற்சியைத் தொடர் பாடம் இல்லாமல் தனியே விற்கவே கூடாது என்பது. இரண்டு இடமும் மாதக்கணக்கில் முன்பதிவாகி, பயிற்சி தெரிந்த துணையாள் ஒருவரும் உருவான பிறகு தோட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். சுற்றுச்சுவர் இல்லாத வீட்டில் இருப்பவர் வீடு தேடிச் செல்வதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

எந்த நாயைத் தங்கவைக்கலாம் என்பதிலும் கண்டிப்பு வேண்டும். துள்ளிக் குதிப்பது, வாரை இழுப்பது, அழைத்தால் வராதது போன்றவை தங்கும் பயிற்சிக்கு ஏற்றவை. வீட்டு மனிதரையே கடித்த நாய், அச்சத்தால் உறுமும் நாய் ஆகியவற்றை அழைத்துவந்து பழக்குவதில் பொருள் குறைவு. அச்சத்துக்கான காரணம் அந்த வீட்டில் இருக்கிறது. கடுமையான முறைகளால் அத்தகைய நாயை மூன்றே வாரத்தில் ‘அடக்கி’க் காட்ட முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. அடித்தும் மின் அதிர்ச்சிப் பட்டையாலும் உறுமலை நிறுத்தலாம். உறுமலுக்குப் பின்னிருந்த அச்சம் நிற்பதில்லை, எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய்தான் வீடு திரும்பும். விலங்கு நடத்தையில் தேர்ந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. உரிமையாளரின் கண்ணில் படாமல் பயிற்சி நடப்பது தங்கும் முறையின் இயல்பு என்பதால், நாள்தோறும் ஒரு வாட்ஸ்அப் காணொளி அனுப்புவதை விளம்பரமாக எண்ணாமல் கடமையாகவே கொள்ள வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், கட்டணத்துக்கு நாய்களைத் தங்கவைப்பவரையும் தம் வரையறைக்குள் கொண்டுவருவதால் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பற்றி விசாரித்துவிட்டே தொடங்க வேண்டும். உள்ளாட்சி உரிமமும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் அதோடு சேரும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. உங்கள் பொறுப்பில் உள்ள நாய் அலட்சியத்தால் ஒருவரைக் கடித்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆம் பிரிவு உங்கள் மீதுதான் பாயும், உரிமையாளர் துபாயில் இருந்தார் என்பது விடையாகாது. நாய் கடிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பயிற்சியாளரும் துணையாளும் போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் முதல் செலவாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை ஏற்பதில்லை. அவசர நிலையில் எவ்வளவு தொகை வரை கேட்காமலே சிகிச்சை செய்யலாம் என்பதை அதில் குறிக்க வேண்டும். வீட்டில் நாயைக் கையாளப் போகிறவர் ஒப்படைப்பதற்கு முன் இரண்டு முறையாவது வந்து கூட இருந்து பழக வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் அதற்கு ஈடாக வீட்டுப் பாடங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டளைச் சொற்களை அவர் நாவில் இயல்பாக வருகிறபடியே தேர்ந்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்டணத்தை மூன்று பங்காக்கி, நாயை ஏற்கும்போது ஒன்று, ஒப்படைக்கும்போது ஒன்று, மூன்றாவது வீட்டு வருகை முடிந்த பிறகு ஒன்று என வாங்கினால், அந்தக் கடைசி வருகைக்குப் பயிற்சியாளரும் சோம்பமாட்டார், வீட்டாரும் நேரம் ஒதுக்காமல் தட்டிக்கழிக்கமாட்டார்கள்.